ஷாம்பெய்ன் கவுன்ட் வரிசை: 1197-இல் மகள்களுக்குக் கிடைக்காதது 1274-இல் மகளுக்குக் கிடைத்தது எப்படி?

வடதிசை வாசகி (முனிர்க்கா, டெல்லி):

வணக்கம். ஆர்.கே.புரத்தில் ஞாயிறுதோறும் கூடும் நம் வாசிப்பு வட்டத்தில் அடுத்து இடைக்கால பிரான்ஸ். சுவரில் மாட்ட ஒரு வம்சப் படம் தயார் செய்கிறேன். நயி சடக்கில் வாங்கிய சாதாரண சார்ட் தாள்தான், 22×28 அங்குலம். ஷாம்பெய்ன் கவுன்ட்டியை (கவுன்ட் என்ற பிரபு ஆண்ட பகுதி) எடுத்துக்கொண்டேன். மூன்று இடங்களில் வேலை நிற்கிறது.

முதலாவது, எண்கள். 1152-இல் இறந்த திபோவை ஒரு நூல் இரண்டாம் திபோ என்கிறது, இன்னொன்று நான்காம் திபோ என்கிறது. 1253-இல் இறந்த திபோ ஓரிடத்தில் நான்காமவர், வேறோரிடத்தில் முதலாமவர்.

இரண்டாவதுதான் பெரிய சிக்கல். 1197-இல் இரண்டாம் ஆன்றி இறந்தபோது அவருக்கு இரண்டு மகள்கள் இருந்தார்கள். ஆட்சி தம்பிக்குப் போனது. 1274-இல் மூன்றாம் ஆன்றி இறந்தபோது ஒன்றரை வயதுப் பெண் குழந்தைக்குப் போனது. இடையில் சட்டம் மாறியதா?

மூன்றாவது, படத்தை எங்கே முடிப்பது? 1284, 1305, 1336, 1361 என்று ஆளுக்கொரு ஆண்டு சொல்கிறார்கள்.

சாசனப்பித்தன் (மயூர் விஹார்):

எண்ணை நம்பி வரிசை கட்டாதீர்கள். அந்தக் காலத்து ஆட்கள் தங்களுக்கு எண் போட்டுக்கொண்டதில்லை. எல்லாம் பிற்கால வரலாற்றாசிரியர்கள் ஒட்டியவை. இந்தக் குடும்பம் புளுவா, ஷாம்பெய்ன் என்ற இரண்டு நிலத்தொகுதிகளைச் சேர்த்தும் பிரித்தும் ஆண்டதால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு ஓடுகிறது. 1234-க்குப் பிறகு ஸ்பெயின் எல்லையிலுள்ள நவார் அரசும் சேர்ந்தது. அது மூன்றாவது கணக்கு.

பிரிவினைகளை வரிசையாகப் பாருங்கள். புளுவாவை ஆண்ட இரண்டாம் ஊதோ 1022 வாக்கில் த்ரூவா, மோ ஆகிய இரண்டையும் பிடிக்கிறார். பின்னாளில் ஷாம்பெய்ன் ஆவது இந்தப் பகுதிதான். 1037-இல் பார்-லெ-துக் அருகே போரில் சாகிறார். மூத்த மகன் திபோவுக்குப் புளுவா, இளையவர் எத்தியேனுக்கு த்ரூவா, மோ. எத்தியேன் சீக்கிரமே போய்விட, அவருடைய சிறுவயது மகன் ஊதோவின் பங்கைப் பெரியப்பா திபோ எடுத்துக்கொள்கிறார். அந்தப் பையன் நார்மண்டிக்குப் போய் அங்கே டியூக்காக இருந்த வில்லியத்தின் சகோதரியை மணந்து ஓமால் கவுன்ட் ஆகிறான். உங்கள் படத்தில் இந்தக் கிளையை ஒரு முனையில் அம்புக்குறி போட்டு முடித்துவிடலாம்.

1089-இல் திபோ இறந்ததும் மறுபடி பிரிவினை. எத்தியேன்-ஆன்றிக்குப் புளுவாவும் ஷார்த்ரும். த்ரூவா பக்கம் முதலில் ஊதோ, 1093 முதல் ஊக். இந்த ஊக் 1125-இல் எல்லாவற்றையும் துறந்து டெம்ப்ளர் என்ற துறவுப் போர்வீரர் அமைப்பில் சேர்ந்தார். மனைவி பெற்ற மகனைத் தன் மகன் அல்ல என்று ஒதுக்கி, கவுன்ட்டியை அண்ணன் மகன் திபோவிடம் ஒப்படைத்தார். அந்தத் திபோ 1102 முதலே புளுவாவின் கவுன்ட். அங்கே நான்காமவர், ஷாம்பெய்னில் இரண்டாமவர். உங்கள் முதல் குழப்பம் இவரேதான்.

இவரும் மூத்தவர் அல்ல. கியோம் என்ற அண்ணனைத் தாய் அதேலா ஒதுக்கிவிட்டு இவரை முன்னிறுத்தினார். மூத்த மகனுக்கே எல்லாம் என்ற விதி இந்தக் குடும்பத்தில் எப்போதும் வளைந்து கொடுத்திருக்கிறது. இதைப் படத்தின் மேலேயே ஒரு வரியில் எழுதிவையுங்கள்.

1152-ஐ மட்டும் தடித்த கோட்டால் காட்டுங்கள். 1037-இல் மூத்தவருக்குப் புளுவாவும் இளையவருக்கு ஷாம்பெய்னும் போயின. 1152-இல் மூத்தவர் ஆன்றி கேட்டு எடுத்துக்கொண்டது ஷாம்பெய்ன். அடுத்தவர் திபோவுக்குப் புளுவா, மூன்றாமவர் எத்தியேனுக்கு சான்செர். இந்தத் தலைகீழ் மாற்றத்துக்குக் காரணம் சந்தைகள். த்ரூவாவில் இரண்டு, ப்ரொவானில் இரண்டு, லாஞியிலும் பார்-சூர்-ஓபிலும் ஒவ்வொன்று என ஆண்டுக்கு ஆறு சந்தைகள் சுற்றிச் சுற்றி நடந்தன. ஃபிளாண்டர்ஸ் துணியும் இத்தாலிய வணிகர் கொண்டுவந்த சரக்கும் அங்கே கைமாறின. சுங்கமும் கடை வாடகையும் கவுன்ட்டுக்கு. தம்பிகள் இருவரும் தங்கள் நிலத்தை அரசரிடமிருந்து நேராக அல்ல, அண்ணனின் கீழ்தான் வைத்திருந்தார்கள். இதைக் குறித்துவையுங்கள். 1234-க்கு வரும்போது தேவைப்படும்.

பெட்டிக்குள் எண்ணுக்குப் பதிலாக "திபோ, ஷாம்பெய்ன், 1125–1152" என்று ஆட்சி தொடங்கிய ஆண்டோடு எழுதினால் எந்த நூலோடும் ஒத்துப்பார்க்கலாம்.

யமுனைக்கரை (வழக்கறிஞர், லட்சுமி நகர்):

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நீங்கள் "சட்டம் மாறியதா" என்று கேட்கிறீர்கள். சட்டம் மாறவில்லை. 1197-இல் மகள்கள் தோற்றது பெண் என்பதற்காக அல்ல. அவர்கள் ஊரில் இல்லை, அவர்களுக்கு முன் வேறொருவர் பிரமாணம் செய்து நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். இந்த வழக்கு முழுக்க அனுபவ பாத்தியதை வழக்கு.

தேதிவாரியாகச் சொல்கிறேன். 1190-இல் ஆன்றி சிலுவைப்போருக்குக் கிளம்பும்போது, தான் திரும்பாவிட்டால் தம்பி திபோவை ஏற்போம் என்று தன் பிரபுக்களிடம் உறுதிமொழி வாங்கிவைத்தார். அப்போது அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. 1192 மே மாதம் எருசலேம் அரசி இசபெல்லாவை மணந்தார். 1197 செப்டம்பர் 10-ஆம் தேதி பாலஸ்தீனக் கரையிலுள்ள ஏக்கர் (Acre) நகரில் மாளிகைச் சன்னலிலிருந்து விழுந்து இறந்தார். மகள்கள் அலிக்ஸும் பிலிப்பாவும் தாயோடு கிழக்கிலேயே இருந்தார்கள். பழைய உறுதிமொழியை யாரும் ரத்து செய்திருக்கவில்லை. 1198 ஏப்ரலில் தம்பி திபோ அரசர் பிலிப் ஒகுஸ்திடம் விசுவாசப் பிரமாணம் செய்தார், அரசர் ஏற்றார். அத்தோடு தம்பியின் உரிமை உறுதியானது.

சிக்கல் அடுத்த தலைமுறையில் தொடங்குகிறது. திபோ 1201 மே 24-இல் இறக்கிறார். மனைவி நவாரின் பிளான்ஷ் நிறைமாதக் கர்ப்பிணி. கையில் ஒரு பெண் குழந்தை. கணவர் இறந்த கையோடு அவர் அரசரைச் சான்ஸ் நகரில் சந்தித்துத் தானே பிரமாணம் செய்தார். அரசர் கேட்ட விலை சாதாரணம் அல்ல. அரசர் சம்மதமின்றி மறுமணம் கூடாது, பெண் குழந்தை அரசரின் பாதுகாப்பில் வளர வேண்டும், ப்ரே, மோந்த்ரோ கோட்டைகள் ஈடு. பிளான்ஷ் எல்லாவற்றுக்கும் சம்மதித்தார். மே 30-இல் மகன் பிறந்தான். அவன்தான் நீங்கள் சொல்லும் நான்காம் திபோ.

நம் ஊர்ச் சட்டத்தில் இது எளிது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன் 20-ஆம் பிரிவுப்படி, தகப்பன் சாகும்போது கருவில் இருந்து பிறகு உயிரோடு பிறந்த குழந்தைக்கு, முன்பே பிறந்த குழந்தைக்குள்ள அதே உரிமை. அன்றைய ஷாம்பெய்னில் எழுதிவைத்த பிரிவு எதுவும் இல்லை. அதனால்தான் பிளான்ஷ் ஒவ்வொன்றையும் அரசரின் முத்திரையோடு எழுத்தில் வாங்கிக்கொண்டே இருந்தார். 1209-இல் 15,000 லிவ்ர் (அன்றைய பிரெஞ்சுப் பணம்) தருவதாக ஒப்புக்கொண்டு, மகனுக்கு 21 வயது ஆகும்வரை அவன் உரிமைக்கு எதிரான வழக்கை அரசர் விசாரிக்கமாட்டார் என்று உறுதி பெற்றார்.

அந்தப் பணம் வீண்போகவில்லை. எரார் தெ பிரியென் என்ற ஷாம்பெய்ன் பிரபு கிழக்கே போய் ஆன்றியின் இளைய மகள் பிலிப்பாவை மணந்து, 1216-இல் மனைவியின் பெயரால் கவுன்ட்டியைக் கேட்டார். மெலானில் 1216 ஜூலையில் பிரான்ஸின் உயர் பிரபுக்கள் கூடித் தீர்ப்புச் சொன்னார்கள். தகப்பன் சாகும்வரை தகராறு இல்லாமல் அனுபவித்த சொத்தைப் பற்றி, 21 வயது நிரம்பாத மகன் பதில் சொல்லத் தேவையில்லை என்பது பிரான்ஸின் வழக்கம். அரசர் தாயின் பிரமாணத்தையும் மகனின் பிரமாணத்தையும் ஏற்கெனவே ஏற்றிருக்கிறார். ஆகவே வழக்கு நிற்காது. மகளுக்கு உரிமை உண்டா இல்லையா என்ற கேள்வியை நீதிமன்றம் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். "1216-இல் பெண் வாரிசுரிமை மறுக்கப்பட்டது" என்று சில சுருக்க நூல்கள் எழுதுவது தவறு.

பிளான்ஷ் போட்ட இன்னொரு அஸ்திரம்: இசபெல்லாவின் முதல் கணவர் ஹம்ப்ரி உயிரோடு இருக்கும்போதே ஆன்றியுடன் கல்யாணம் நடந்தது, முதல் மணத்தை ரத்து செய்தது செல்லாது, எனவே மகள்கள் முறையான பிள்ளைகள் அல்ல. போப் இன்னொசென்டின் தூதர் 1213-இல் சாட்சிகளை விசாரித்தார். இந்த வாதத்தைப் பிளான்ஷ் எடுத்ததே ஒரு சான்று. பெண்களுக்கு உரிமையே இல்லை என்றால் அவர்களின் பிறப்பைப் பற்றி யார் கவலைப்படப்போகிறார்கள்?

தீர்ப்போடு முடியவில்லை. 1216 முதல் உள்நாட்டுப் போர். செனஷால் (கவுன்ட்டின் தலைமை அதிகாரி) பதவி வகித்த சிமோன் தெ ழுவான்வீல், லொரேன் டியூக் திபோ முதலியோர் எரார் பக்கம். 1218-இல் நான்சி நகரம் எரிந்தது, டியூக் ஆமான்ஸ் கோட்டையில் சரணடைந்தார். 1221 நவம்பரில் எராரும் பிலிப்பாவும் ரொக்கம் 4,000 லிவ்ரும் ஆண்டுக்கு 1,200 லிவ்ர் வருமானமும் பெற்றுக்கொண்டு உரிமையைக் கைவிட்டார்கள். மறு ஆண்டு திபோவுக்கு 21. பிளான்ஷ் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு அர்ஜான்சோல் மடத்துக்குப் போனார். இருபத்தோரு ஆண்டுகள் ஒரு பெண் இந்த நாட்டைக் காப்பாற்றியிருக்கிறார். உங்கள் படத்தில் அவருக்கு இடம் இல்லாமல் போய்விடக் கூடாது.

கரோல்பாக் வாசகன்:

வக்கீல் சார் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். 1221-இல் கையெழுத்துப் போட்டது இளையவள் பிலிப்பா. அவள் விட்டுக்கொடுத்தது அவளை மட்டும் கட்டும். மூத்தவள் அலிக்ஸ் சைப்ரஸின் ராணியாக இருந்தாள், அவள் உரிமை அப்படியே நின்றது. 1233-இல் அவள் பிரான்சுக்கு வந்து கேட்டாள். திபோமேல் கோபமாக இருந்த பிரபுக்கள் அவளை ஆதரிக்கத் தயார்.

1234-இல் சமரசம். 40,000 லிவ்ர் ரொக்கம், ஆண்டுக்கு 2,000 லிவ்ர் வருமானம் தரும் நிலம். தங்கையின் தொகையைப் போல ரொக்கம் பத்து மடங்கு. அதே ஆண்டு ஏப்ரலில்தான் தாய்மாமன் சாஞ்சோ இறந்து திபோ நவார் அரசர் ஆகியிருந்தார். ஆனாலும் கையில் பணம் இல்லை. ஒன்பதாம் லூயி அந்த 40,000-ஐக் கொடுத்தார், பதிலுக்குப் புளுவா, ஷார்த்ர், சான்செர், ஷாத்தோதன் ஆகியவற்றின் மேலாதிக்கத்தை வாங்கிக்கொண்டார். மேலே சாசனப்பித்தன் குறித்துவைக்கச் சொன்ன கயிறு இங்கே அறுகிறது. 1152 முதல் அண்ணன் கிளைக்குக் கீழே இருந்த தம்பி கிளைகள் இனி நேரடியாக அரசருக்குக் கீழே.

வரையும்போது அலிக்ஸ், பிலிப்பா இரண்டு பெயர்களையும் ஒரே பெட்டியில் போடவேண்டாம். போட்டால் 1234 ஏன் நடந்தது என்பது யாருக்கும் புரியாது.

சாசனப்பித்தன்:

1274-க்கு நான் சொல்கிறேன். ஒன்பதாம் லூயியின் மருமகனான ஐந்தாம் திபோ 1270 டிசம்பரில் சிசிலியின் திராப்பானியில் பிள்ளை இல்லாமல் இறந்தார். தம்பி மூன்றாம் ஆன்றி வந்தார். அவருடைய மகன் எஸ்தெல்யா கோட்டையிலிருந்து விழுந்து இறந்துவிட்டான். 1274 ஜூலையில் ஆன்றியும் இறந்தார். மிஞ்சியது 1273 ஜனவரியில் பிறந்த ழான்.

இந்தப் பெண் குழந்தைக்கு எதிராக யாரும் நிலத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. இதுதான் 1197-க்கும் இதற்கும் வேறுபாடு. ஷாம்பெய்னில் மகள் வாரிசாவது பழைய வழக்கம். மகன் இல்லாத பிரபுவின் கோட்டைகளை மகள்கள் எப்படிப் பிரித்துக்கொள்வது என்று 1212-இலேயே பிளான்ஷ் பிரபுக்களைக் கூட்டி விதி வகுத்திருக்கிறார்.

இன்னும் வலுவான சான்று வேண்டுமா? 1274-இல் ஆண்வழிக் கிளை ஒன்று உயிரோடு இருந்தது. 1152-இல் மூன்றாம் மகனுக்குப் போன சான்செர் கவுன்ட்கள்தான். ஆண்வழி மட்டுமே செல்லும் என்றால் ஷாம்பெய்ன் அவர்களுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. படத்தில் சான்செர் கிளையை 1274-க்குக் கீழே வரை இழுத்துக் காட்டினால், பார்க்கிறவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது. பெண்ணுக்கு வாரிசுரிமை இல்லை என்னும் சாலிக் சட்டத்தை இங்கே கொண்டுவருவது பொருந்தாது. பிரான்ஸ் சிம்மாசனத்துக்கே அந்த வாதம் பிற்காலத்தில் சேர்த்தது.

தாய் அர்த்துவாவின் பிளான்ஷ் குழந்தையோடு பிரான்சுக்குத் தப்பினார். 1275-இல் ஓர்லேயான் உடன்படிக்கைப்படி ழானை அரசரின் மகன் ஒருவருக்கு மணமுடிக்க முடிவாயிற்று. பிளான்ஷ் லாங்கஸ்டரின் எட்மண்டை மறுமணம் செய்ய, அவர் மாற்றாந்தந்தையாக ஷாம்பெய்னை நிர்வகித்தார். ஷாம்பெய்ன் வழக்கப்படி பெண் 11 வயது நிரம்பினால் தானே பிரமாணம் செய்யலாம். ழானுக்கு அது 1284 ஜனவரி. அந்த ஆண்டே எட்மண்டின் பொறுப்பு முடிந்தது, ஆகஸ்ட் 16-இல் பிலிப்போடு திருமணம். அடுத்த ஆண்டு அந்தப் பிலிப் பிரான்ஸ் அரசர் ஆனார். பையன்களுக்கு 21, பெண்ணுக்கு 11 என்ற இந்த வயது வித்தியாசத்தைப் படத்தின் ஓரத்தில் எழுதுங்கள். இல்லாவிட்டால் 1222-உம் 1284-உம் ஏன் முக்கியம் என்பது விளங்காது.

வடதிசை வாசகி:

நன்றி, நன்றி. சான்செர் கிளையை இப்போதே நீட்டிவிட்டேன். முடிவு ஆண்டு? ழானின் பேத்திக்காக 1318-இல் செய்த உடன்படிக்கையைச் சிலர் 1317 என்று எழுதுகிறார்களே, அது எப்படி? காப்பாளர்களாக ஆண்ட பெண்களை எந்த வடிவில் காட்டுவது?

யமுனைக்கரை:

1284-இல் முடிக்காதீர்கள். ழான் சாகும்வரை ஷாம்பெய்ன் அவருடைய சொத்து. கணவர் மனைவியின் உரிமையால்தான் ஆண்டார். 1305-இல் ழான் இறந்ததும் மகன் லூயிக்குப் போகிறது. 1314-இல் லூயி பிரான்ஸ் அரசர் ஆனதும் கவுன்ட்டும் அரசரும் ஒரே ஆள். ஆனால் ஒரே ஆளின் கையில் இரண்டு சொத்து இருப்பது வேறு, இரண்டும் ஒன்றாகிவிடுவது வேறு.

அந்த வேறுபாடு 1316-இல் வெடித்தது. லூயி இறந்தார், பிறகு பிறந்த மகனும் சில நாளில் இறந்தான், மகள் இளைய ழான் மிஞ்சினாள். சிம்மாசனத்தைச் சித்தப்பா ஐந்தாம் பிலிப் எடுத்தார். ஷாம்பெய்ன் பாட்டிவழிச் சொத்து, பெண்ணுக்கும் போகும் சொத்து. அதை மறுக்க வலுவான வாதம் இல்லை. அதனால் பேரம்: 1318 மார்ச் 27-இல் தாய்மாமன் பர்கண்டி டியூக் ஊதோ அவளுக்காகக் கையெழுத்திட்டார். பிலிப் ஆண் வாரிசின்றி இறந்தால் ஷாம்பெய்ன் அவளுக்குத் திரும்பும் என்பது ஒரு நிபந்தனை. 1322-இல் பிலிப் அப்படியே இறந்தார். அடுத்துவந்த நான்காம் சார்ல் கொடுக்கவில்லை.

1328-இல் சார்லும் இறந்து வலுவா வம்சத்து ஆறாம் பிலிப் வந்தார். இவருக்கு மூத்த ழானின் ரத்தமே இல்லை, ஆகவே நவாரிலோ ஷாம்பெய்னிலோ துளியும் உரிமை கிடையாது. நவாரை இளைய ழானுக்கு விட்டார். ஷாம்பெய்ன் பாரிஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் விட மனமில்லை. பதிலுக்கு அங்குலேம், மோர்தேன் கவுன்ட்டிகள். இறுதி ஒப்பந்தம் 1336 மார்ச்சில். முடியரசோடு நிரந்தரமாக இணைத்து ஆறாம் பிலிப்பின் மகன் இரண்டாம் ழான் அரசர் ஆணையிட்டது 1361. வாரிசு வரிசை 1336-இல் முடிகிறது, தனிக் கவுன்ட்டி என்ற நிலை 1361-இல். இரண்டையும் காட்டுங்கள்: முதலாவதற்கு ஒற்றைக் கோடு, அடுத்ததற்கு இரட்டைக் கோடு.

கரோல்பாக் வாசகன்:

1317, 1318 விஷயம்: பிரான்ஸ் அரச ஆவணங்களில் அப்போது ஆண்டு ஈஸ்டரில் பிறக்கும். 1318-இல் ஈஸ்டர் ஏப்ரல் 23. மார்ச் 27 அதற்கு முன் வருவதால் மூல ஆவணத்தில் 1317 என்றே இருக்கும். ஜனவரி முதல் ஈஸ்டர் வரை உள்ள எந்தத் தேதியையும் ஒரு ஆண்டு கூட்டிப் பாருங்கள். 1336 மார்ச் ஒப்பந்தமும் அப்படித்தான், அந்த ஆண்டு ஈஸ்டர் மார்ச் 31. சில நூல்கள் ஏற்கெனவே கூட்டி எழுதியிருக்கும். மறுபடி கூட்டிவிடாதீர்கள்.

காப்பாளர்களுக்குத் தனிப் பெட்டி வேண்டாம், இடம் போதாது. பக்கவாட்டில் ஒரு காலக்கோடு இழுத்து அவர்கள் ஆண்ட ஆண்டுகளை நிறமிடுங்கள். இரண்டாம் ஆன்றியின் தாய் மரி 1181 முதல் 1187 வரை, மறுபடி 1190 முதல் மகன் இறக்கும் 1197 வரை. நவாரின் பிளான்ஷ் 1201–1222. ஐந்தாம் திபோவின் தாய் மார்கெரித் 1253-இலிருந்து சில ஆண்டுகள். அர்த்துவாவின் பிளான்ஷும் எட்மண்டும் 1274–1284. 1181-க்கும் 1284-க்கும் இடையிலான 103 ஆண்டுகளில் பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதி நிறம் பெற்றுவிடும். மரிக்கும் பிளான்ஷுக்கும் வேறு வேறு நிறம் கொடுங்கள், மரியின் இரண்டு பகுதிகளுக்கும் ஒரே நிறம். பென்சிலில் குறித்துப் பார்த்த பிறகே ஸ்கெட்ச் பேனாவை எடுங்கள், சார்ட் தாளில் மை ஊறும்.